இருவர் திரும்பிப் பார்த்த பெயர்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. நேரில் வந்து நின்றால் கதவுக்கு அந்தப் பக்கம் டீவி சத்தம் குறைகிறது, கதவு திறப்பதில்லை. சரி, பேனாவை எடுத்துவிட்டேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது. கோழி கிளறிய மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

இன்று கிளப்பிலிருந்து பதிவுத் தபால் வந்தது. மூன்று வருஷம் நான் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாதாம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஆட்டத்தில் நம் பதினொன்றாம் நம்பர் பெனால்டியைக் கோட்டைவிட்டபோது, அவனுடைய நிறத்தைச் சொல்லி இழிவாகக் கத்தினேனாம். 'வடக்கு கேலரி, ஆறாம் வரிசை, பதினாறாம் சீட். சாட்சி: பக்கத்து இருக்கைக்காரர்.' பதினைந்தில் உட்காருகிறவர் காது மந்தமான ரிட்டயர்ட் தபால்காரர். கோல் விழுந்ததே அவருக்குப் பத்து நொடி கழித்துத்தான் தெரியும். பதினேழில் உட்காருவது யார்?

பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். உன்னை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் டம்ளரையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தது நான். நம் கிளப் பதினெட்டு அணிகளில் பதினாறாவதாகக் கிடக்கிறது. இன்னும் பத்து ஆட்டம். கீழ் டிவிஷனுக்கு இறங்குமா தப்பிக்குமா என்று ஊரே நகம் கடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் என்னை வெளியே தள்ளிவிட்டாய்.

கோடாலிக்காம்பு குலத்துக்கு ஈனம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நீதானா இல்லையா, ஒரே வரியில் பதில் எழுது.

அண்ணன்

*

மார்ச் 8

அண்ணனுக்கு,

நான்தான்.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். மிச்சத்தை நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் நீ எழுந்து நின்றாய். எல்லோரும்தான் எழுந்து நின்றோம். எல்லோரும்தான் திட்டினோம். நானும் 'அடப்பாவி' என்றேன். ஆனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீ உட்காரவில்லை. அவன் கார்னர் கொடிப் பக்கம் நடந்து வந்தான். நமக்கும் அவனுக்கும் இடையே ஒரு பஸ் நீளம்கூட இருக்காது. அப்போது நீ அந்த வார்த்தையைக் கத்தினாய். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. விரலை நீட்டி. நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இருடீ" என்று தட்டிவிட்டாய். நீ கத்திய சூட்டில் பின்வரிசையில் அந்த பேக்கரிக்காரனும் அவன் கூட்டமும் குரங்குச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். நாற்பது பேர் இருக்கும். நாற்பது பேருக்கும் நீ எடுத்துக்கொடுத்தாய்.

அவன் நின்று நம் பக்கம் பார்த்தான். நம் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவன். இடைவேளைக்குப் பிறகு அவன் ஆட வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னிடம் சொன்னேன். "அண்ணா, நீயே போய் கிளப்ல சொல்லிடு. கோவத்துல வந்துருச்சுன்னு சொல்லு. நானும் கூட வர்றேன்" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பந்தை உள்ள அடிக்கத் துப்பில்ல, அவனுக்கு மரியாதை ஒரு கேடா" என்றாய். எட்டு நாள் காத்திருந்தேன். ஒன்பதாவது நாள் எழுதிக்கொடுத்தேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் தூண்டவில்லை. உன்னை வெளியே தள்ளியது நான் இல்லை, உன் வாய்.

தங்கை

*

மார்ச் 13

பெரிய மனுஷிக்கு,

நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் எலும்பு வரைக்கும் பார்த்துவிட்டாய். ஆனால் ஃபுட்பால் மைதானம் உன் எக்ஸ்ரே அறை இல்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லி நாற்பதாயிரம் பேரை நிறுத்திவைக்க முடியாது. வசவு இல்லாத ஆட்டம் உண்டா? நம் கேப்டனை நொண்டிக் கழுதை என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்? அவன் புகார் கொடுத்தானா? நடுவரின் கண்ணைப் பற்றி நாம் பேசாத பேச்சா? அதற்கெல்லாம் நீயும்தானே கைதட்டிச் சிரித்தாய்.

குரங்குச் சத்தம் போட்டது பேக்கரிக்காரன். அவன் இன்னும் ஜாலியாக ஆட்டம் பார்க்கப் போகிறான். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துச் சனி!

நான் சொன்னது என்ன? 'கரிக்கட்டை' என்றேன். அது ஒரு வசவா? நீ பிறந்ததிலிருந்து உன்னை நான் அப்படித்தானே கூப்பிடுகிறேன்? நம் வீட்டில் அது செல்லப் பேர். கோபம் வந்தால் வாயில் வீட்டுப் பேச்சுதான் வரும். அகராதி பார்த்துக் கத்துவதற்கு நான் என்ன வாத்தியாரா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். மைதானத்தில் விருந்தினர் கேலரியின் லிஃப்டைப் பராமரிப்பது எங்கள் கம்பெனிதான். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். அந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கிளப்பிலிருந்து முதலாளிக்கு ஒரு போன். இப்போது என்னைக் கிடங்கில் உட்காரவைத்திருக்கிறார்கள். ரோலரையும் போல்ட்டையும் எண்ணி அலமாரியில் அடுக்குகிறேன். நேற்றுச் சேர்ந்த பயல், "என்ன சார், மேல போற வேலையிலேர்ந்து கீழ வந்துட்டீங்க" என்கிறான். கிளப்பும் நானும் ஒன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பா அது?

அந்தப் பதினொன்று 'மனசு சரியில்லை' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் இல்லாமல் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. யார் யாருக்குத் துரோகம் செய்தது?

மேல்முறையீடு செய்யப்போகிறேன். 'நான் சரியாகக் கேட்கவில்லை, சத்தத்தில் குழம்பிவிட்டேன்' என்று நீ எழுதிக்கொடுத்தால் போதும். இரண்டே வரி.

அண்ணன்

*

மார்ச் 19

அண்ணனுக்கு,

எழுதிக்கொடுக்க மாட்டேன்.

செல்லப் பேர் என்றாய். அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

அன்றைக்கு நீ அந்த வார்த்தையை முதல் தடவை கத்தியபோது நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கேட்கிறாயோ என்று நீட்டக்கூடச் செய்தேன். உன் முகம் என் பக்கம் இல்லை. உன் விரல் போன திசையில் பார்த்தேன். அவனும் திரும்பியிருந்தான். அவனுக்கு நம் மொழி நாலு வார்த்தைதான் தெரியும் என்பார்கள். அந்த வார்த்தை தெரிந்திருந்தது.

ஒரே பேருக்கு இரண்டு பேர் திரும்பினோம். அவன் முகத்தைப் பார்த்ததும்தான், அந்தப் பேரைக் கேட்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பத்தொரு வயதில்.

நீ சிவப்பு, நான் கறுப்பு. ஒரே வயிற்றில் பிறந்தோம். விருந்தாளிகள் வந்தால் முதலில் உன்னைக் கொஞ்சுவார்கள், அப்புறம் என்னைப் பார்த்து, "இவ யாரைக் கொண்டு பொறந்தா?" என்பார்கள். நீ ஓடிவந்து, "அடுப்புல விழுந்துட்டா, கரிக்கட்டை" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் 'ரோஷத்தைப் பாரு கரிக்கட்டைக்கு' என்று இன்னொரு சிரிப்பு வரும். ஒரு சிரிப்போடு முடியட்டும் என்றுதான் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பேரைக் கொண்டுவந்தது நீ. என்னைக் கட்டிக்கொண்டவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் நீ. முதல் நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது, "கரிக்கட்டை, மாப்பிள்ளைக்குக் காபி கொண்டா" என்றாய். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆறு வருஷம் அந்த வீட்டில் எனக்கு வேறு பேர் இல்லை. அவனுடைய நண்பர்கள் எதிரில் அந்தப் பேர். படுக்கையறையில் அந்தப் பேர். அவனைவிட்டு வந்தபோது, "குடிக்கிறானா? அடிக்கிறானா? அப்புறம் என்னதான் குறை?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

உன்னைக் கிடங்குக்கு மாற்றியதற்கு வருத்தப்படுகிறேன். புகாரைத் திரும்ப வாங்கமாட்டேன். இரண்டும் உண்மை.

தங்கை

*

மார்ச் 27

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணி அழுதுகொண்டே படித்தாள். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது.

நாற்பது வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது மொத்தமாகக் கொண்டுவந்து என் தலையில் கொட்டுகிறாய். "அண்ணா, அப்படிக் கூப்பிடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? சிரித்தாய். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவந்தாய். எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? உன் புருஷன் உன்னை வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அந்தப் பழியும் எனக்கா?

சரி, நீ மட்டும் என்ன யோக்கியம்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? எதிரணி கோல்கீப்பருக்கு இடுங்கின கண். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். அவன் கண்ணை வைத்துப் பின்வரிசையில் ஒரு பாட்டுக் கட்டினார்கள். கோல் கிக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பாடினோம். இரண்டு கையாலும் கண் ஓரத்தை இழுத்துக்கொண்டு, குதித்துக் குதித்துப் பாடியது யார்? போட்டோகூட என்னிடம் இருக்கிறது, வாய் காது வரைக்கும். அவனுக்கு மனசு இல்லையா? அதற்குப் புகார் எழுதினாயா? ஊருக்கு உபதேசம்!

ஏப்ரல் பதினொன்றாம் தேதி விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள். வந்து சொல்லவேண்டியதைச் சொல். நான் சொல்லவேண்டியதை நான் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 12

உனக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் அந்தக் குறுகல் அறை. மூன்று பேர், ஒரு மேசை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள். நீ புதுச் சட்டை போட்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தலைவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, "இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார். என் கடிதத்தின் ஜெராக்ஸ். உனக்கு எழுதியது. ஆறு வருஷத்தை, படுக்கையறையை, நான் எந்த மனிதருக்கும் சொல்லாததை, மூன்று அந்நியர்கள் கையிலிருந்து கையாக மாற்றிப் படித்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"நான் ஆட்டக்காரரைச் சொல்லலீங்க சார். என் தங்கச்சியைத்தான் கூப்பிட்டேன். தண்ணி கேட்டேன். அது அவளோட செல்லப் பேர். அவளே எழுதியிருக்கா பாருங்க, திரும்பிப் பார்த்தேன்னு, பாட்டிலை நீட்டினேன்னு." இதைச் சொல்லும்போது உன் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"உங்க அண்ணன் உங்களை அந்தப் பேர்ல கூப்பிடறது உண்டா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"உண்டு. ஆனா அன்னிக்கு—"

"ஆமாவா, இல்லையாம்மா?"

"ஆமா."

"போதும்."

அவர்களுக்கு ஃபைலை மூட வேண்டும். நீ அதற்கு ஒரு மூடி கொண்டுவந்து கொடுத்தாய். சந்தேகத்தின் பலன் உனக்காம். இதுவரை போகாமல் இருந்த ஆட்டங்களே தண்டனையாம்.

கோல்கீப்பர் விஷயம் உண்மை. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னாலும், அவன் மறந்திருக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரிகிறது. நான் பாடினேன். கண்ணை இழுத்துக் காட்டினேன். அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பு. நீ வைத்துக்கொண்டு மிரட்டுவதைவிட நான் வைத்துக்கொண்டு பார்ப்பது மேல். அதற்காக எனக்கு என்ன பேர் வேண்டுமானாலும் வை. ஆனால் நான் தப்புச் செய்தேன் என்பதால் நீ செய்தது சரியாகிவிடாது. அன்றைக்கு என்னைத் தடுக்க யாரும் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. உன்னை நான் இழுத்தேன்.

இனிமேல் எழுதாதே.

*

ஏப்ரல் 16

எழுதாதே என்றால் எழுதாமல் இருந்துவிடுவேனா?

நான் என்ன கொலையா செய்தேன்? தப்பிக்க ஒரு கதவு திறந்தது, உள்ளே நுழைந்தேன். திறந்து வைத்தது நீ. மனுஷன் வேலையைத்தான் முதலில் பார்ப்பான். நேற்றிலிருந்து மறுபடி பழைய வேலை. கருவிப் பையைத் தோளில் மாட்டியபோதுதான் மூச்சே வந்தது. உன் அண்ணி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேச்சை மட்டும் வைப்பதில்லை.

பேக்கரிக்காரனும் அவன் ஆட்களும் கடைக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். கமிட்டியை எப்படி மடக்கினேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு ஆட்டக்காரனுக்காகக் கூடப்பிறந்தவனை விற்றவளைப் பார்த்து ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

மே பதினெட்டு, கடைசி ஆட்டம். டிரா செய்தால்கூடத் தப்பிவிடுவோம். பதினாறாம் சீட்டில் நான் இருப்பேன். உனக்குப் பிடிக்காவிட்டால் வராதே.

*

மே 19

இது கடைசிக் கடிதம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். ஆனாலும் நான் எங்கிருந்து பார்த்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

வந்தேன். என் சீட்டில் உட்கார எனக்கு உன் அனுமதி வேண்டாம். நீ இடது முழங்கையை உன் பக்கமாக மடக்கிக்கொண்டாய். நான் மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டேன். தபால்காரர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் விரதமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஒன்றுக்கு ஒன்று இருந்தபோது பதினொன்றை இறக்கினார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு. எழுந்து கைதட்டினேன். என்னோடு இன்னும் பலர் தட்டினார்கள், அதையும் சொல்லவேண்டும். அவன் கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பான். பின்வரிசையில் தொடங்கியது. முதலில் ஒரு குரல். அப்புறம் தாளம் போட்டு, கைதட்டி, பாட்டாக. 'கரிக்கட்டை, கரிக்கட்டை.' அவனுக்காக என்று நினைத்தேன். அப்போது பேக்கரிக்காரன் கத்தினான்: "இங்க ஒண்ணு உட்கார்ந்திருக்கு பாருடா! அண்ணன் தண்ணி கேக்கிறாரு, திரும்பிப் பாரு கரிக்கட்டை!"

எல்லோரும் குனிந்து என் பிடரியைப் பார்த்துப் பாடினார்கள். இருநூறு பேர் இருக்கும். நான் உனக்கு மட்டும் எழுதிய வரி.

நான் திரும்பவில்லை. உன்னைத்தான் பார்த்தேன். நீ மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பேக்கரிக்காரன் உன் தோளைத் தட்டினான். நீ சிரித்தாய்.

எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது யாரோ கடலைத் தோலை எறிந்தார்கள். வெளியே டிக்கெட் கிழிக்கிற பெண், "மேடம், இன்னும் அரை மணி நேரம் இருக்கே, ஜெயிச்சா பார்க்க முடியாமப் போயிடுமே" என்றாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மைதானத்திலிருந்து எதிரணிக்காரர்களின் கூச்சல் கேட்டது. தோற்றுவிட்டோம் என்று தெரிந்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்றுமே ஆகவில்லை.

அதற்கு மட்டும் உன்னை மன்னிக்கமாட்டேன்.

*

மே 30

தங்கச்சிக்கு,

பத்து நாளாக நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நான் சிரித்தேன். உண்மை. பேக்கரிக்காரன் என் தோளைத் தட்டி, "உங்க பாட்டுதாண்ணே" என்றான். வாய் தன்னால் சிரித்தது. நாம் சின்ன வயதில் விருந்தாளிகள் எதிரில் சிரித்தோமே, அந்த மாதிரியா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. நீ சிரித்தது வேறு. நான் சிரித்தது, அடுத்த பாட்டு என்னைப் பற்றி வந்துவிடக்கூடாதே என்று.

நீ எழுந்து போனபோது உன் பின்னால் வந்திருக்கலாம். ஆறு வரிசை, இருபது படி. வரவில்லை. ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். பதினொன்று ஒரு பந்தைத் தலையால் முட்டினான், கம்பத்தில் பட்டது. அடுத்த நிமிஷம் அவர்கள் கோல் போட்டார்கள். கிளப் இறங்கிவிட்டது. பேக்கரிக்காரன் கூட்டம் பாட்டை நிறுத்தவே இல்லை. தோற்ற பிறகும் பாடிக்கொண்டே போனார்கள். கிளப் இறங்கியதில் அவர்களுக்கு வருத்தமில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் போனிலிருந்து அந்த வீடியோ எங்கெங்கோ போயிற்று. எங்கள் கிடங்கில் அந்தப் பயல் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். உன் தலையின் பின்பக்கம் தெரிகிறது. "யாரு சார் இந்தப் பொம்பள?" என்றான்.

"என் தங்கச்சி" என்றேன்.

நேற்று கிளப் ஆபீஸுக்குப் போனேன். அதே மூன்று பேரில் இரண்டு பேர் இருந்தார்கள். "அன்னிக்கு நான் என் தங்கச்சியைக் கூப்பிடல சார். அந்தப் பையனைத்தான் சொன்னேன். அவ எழுதினது அத்தனையும் உண்மை, நான் சொன்னது பொய்" என்றேன். தலைவருக்கு எரிச்சல். "சீசனே முடிஞ்சுபோச்சு. ஃபைலை மூடியாச்சு. இப்ப எதுக்கு வந்து கிளறுறீங்க?" என்றார். "எழுதி வாங்கிக்கோங்க" என்றேன். பேப்பர் இல்லை என்றார். பிரிண்டரிலிருந்து நானே ஒன்றை உருவிக்கொண்டேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் கடிதத்தின் ஜெராக்ஸையும் கேட்டு வாங்கி வந்து, அசலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். என் கையில் இனி நகல் இல்லை. மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இந்தத் தடவை ஐந்து வருஷம் போடுவார்கள் என்கிறார்கள். வேலையைப் பற்றி இன்னும் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீ வீட்டில் என்னை நாலு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆபீஸில் போய் எழுதிக்கொடுத்தாய். அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நீ என்னிடம் முதலில் சொன்னாய், பஸ்ஸில். அதையும் மறக்க முடியவில்லை.

போட்டோ உள்ளே இருக்கிறது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 24

அண்ணனுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் காரணம்.

ஐந்து வருஷம் என்று அண்ணி சொன்னார்கள். சரியான தண்டனை. முதலாளி உன்னை வேலையில் வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள், அது நல்லது. அண்ணி எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம். நீ வராதே. போனும் வேண்டாம். நீ உண்மையைச் சொன்னது எனக்குச் செய்த உதவி இல்லை. அந்தப் பதினொன்றுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அவனை விற்றுவிட்டார்கள், வேறு நாட்டுக்குப் போய்விட்டான். எந்த விலாசத்துக்கு எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. தேடு.

அந்தக் கோல்கீப்பர் இப்போது ஆடுவதில்லை. ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். விலாசம் கண்டுபிடித்து எழுதினேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம், அது அவர் இஷ்டம்.

நேற்று கீழ் டிவிஷனில் முதல் ஆட்டம். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்து துணி துவைத்தேன், அலமாரியை ஒழித்தேன், பதினொரு மணிக்கு பஸ்ஸில் இருந்தேன். பழைய சீட்டை விட்டுவிட்டேன். கிழக்கு கேலரியில் வாங்கிக்கொண்டேன். வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. கூட்டம் பாதிகூட இல்லை. கிளப் மகா மட்டமாக ஆடியது. பந்தைக் கண்டால் பயந்து ஓடுகிற ஒரு பின்கள ஆட்டக்காரனை வாங்கியிருக்கிறார்கள். இந்த வருஷமும் உருப்பட வழியில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் ஆட்டத்தை.

பக்கத்து சீட்டில் ஒரு பெண். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம். தொண்டை கட்டும்வரை கத்துகிறாள். எண்பதாவது நிமிஷத்தில் எப்படியோ ஒரு கோல் விழுந்தது. எழுந்து, முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அப்புறம் வெட்கப்பட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து கேட்டாள்: "இனிமே வாராவாரம் பார்த்துக்கப்போறோம். உங்க பேரு என்னங்க?"

சொன்னேன்.